நாலரை அடி லேத்

கலக்கிய மண் மறுபடியும் டம்ளரின் அடியில் போய்த் தங்கிவிட்டது. ரத்தினம்மாள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, தெளிவதற்குள் ஒரு ஸ்பூன் எடுத்துத் தம்பியின் உதட்டுக்குள் சரித்தாள். பாதி கடைவாயில் வழிந்தது. தம்பி மனைவி சரசு முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் செம்மண் நிறம் ஏறிக்கொண்டது.

குடியாத்தம் பக்கத்து நிலத்து மண். அந்த நிலம் இப்போது தம்பி வெங்கடசாமியுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. யாரோ சூளைக்காரன் வாங்கிவிட்டான். இருந்தாலும் ரத்தினம்மாள் பெங்களூர் பஸ் ஏறும் முன்னால் போய் ஒரு பிடி அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் எதன் மேலோ ஆசை மிச்சம் இருக்கிறது, எதன் மேல் என்று பார்த்து அதைக் கரைத்து ஊற்றினால் போய்ச் சேர்ந்துவிடும் என்பாள். நேற்றுப் பொன்னாசையோ என்று தன் மோதிரத்தைக் கல்லில் உரசி ஊற்றினாள். பிள்ளைப் பாசமோ என்று தம்பி மகள் மமதாவைக் கூப்பிட்டுப் பால் ஊற்றச் சொன்னாள். இன்றைக்கு மண்.

வெங்கடசாமி கண்ணைத் திறக்கவில்லை. வயிற்றுக் கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, இனி இங்கே வைத்திருந்து பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி லிங்கராஜபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எதுவும் உள்ளே இறங்கவில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது மட்டும் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அப்போது சரசு சுவரைப் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் அவரிடம் அசைந்தவை இரண்டுதான். மூச்சு ஒன்று, வலது கை ஒன்று.

கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் எதையோ பிடித்த மாதிரிக் குவிந்து மெல்ல ஒரு பக்கம் திரும்பும். நிற்கும். பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சமாகத் திரும்பும். மறுபடியும் நிற்கும். போர்வையைத் தேடுகிறான் என்றாள் ரத்தினம்மாள். செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுகிறார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சரசுவுக்கு அது என்னவென்று முதல் நாளே தெரிந்துவிட்டது. லேத்தில் இரும்பைக் கடையும் கத்தியை முன்னும் பின்னும் தள்ள ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். பழைய லேத்தாக இருந்தால் உள்ளே மரை தேய்ந்துபோய், கைப்பிடியைத் திருப்பினாலும் கத்தி நகராமல் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும். எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார்க்கத்தான் அவர் அப்படித் திருப்புவார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு காற்றிலேயே திருப்பிக் காட்டியிருக்கிறார். படுக்கையில் கிடந்தபடி மனுஷன் இன்னும் வாங்குவதற்கு லேத் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓடிப்போய் ஏதாவது ஒரு லேத்தை விலை பேசி முடித்துவிடுவார்கள். முடித்துவிட்டால் அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் அவர் எதற்காக இருப்பார்?

ஓரிடத்தில் உட்கார அவளால் முடியவில்லை. காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். எழுந்து பின்பக்கம் போனாள். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஷீட் போட்ட ஒரு கொட்டகை, அதற்குள் சிமெண்டில் ஒரு மேடை. வேறு ஒன்றும் இல்லை. லேத்துக்காகப் போட்ட மேடை அது.

முப்பது வருஷம் பெரிய கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவர். ஆட்களைக் குறைக்கிறோம், முன்கூட்டியே போகிறவர்களுக்குப் பணம் தருகிறோம் என்று கம்பெனி சொன்னபோது வெளியே வந்தார். வீட்டிலேயே ஒரு லேத் போட்டுச் சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்வதாகத் திட்டம். புதுசு வேண்டாம், நாலரை அடியில் நல்ல பழைய லேத்தாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட வேலை செய்த ரெமிஜியஸை ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் குஜரிப் பக்கம் போய்விடுவார். பழைய இரும்பும் பழைய மெஷின்களும் விற்கிற சந்து அது. ஒரு லேத்தில் சத்தம் சரியில்லை. ஒன்றில் பல் சக்கரம் மாற்றியிருக்கிறான். ஒன்றில் எல்லாம் சரி, ஆனால் அடித்த பெயிண்ட் புதுசு, எதையோ மறைக்கிறான். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது.

மேடையை மட்டும் முடித்துவிட்டார். ரசமட்டம் வைத்து இழைத்து இழைத்துப் போட்டது. காய்ந்த பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றி அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடக் கூடாது, அப்போதுதான் லேத் நேராக நிற்கும் என்றார். தொட்டிலைக் கட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் பெண் தேடுகிற ஆள் நீங்கள்தான் என்று சரசு கேலி பண்ணினாள்.

"நீ ஓட்டைச் சட்டைய பாஸ் பண்ணுவியா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவளுக்குக் கார்மெண்ட்ஸில் செக்கிங் டேபிள். தையல் விட்ட இடத்தை விரலால் தடவியே கண்டுபிடித்து, அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. குறை கண்டுபிடிப்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தொழில்.

அவள் உள்ளே திரும்பி வந்தபோது ரெமிஜியஸ் வந்திருந்தார். தலையணைப் பக்கத்தில் நின்று நண்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிடும் என்று சரசு பயந்தாள். இந்த ஆளை உள்ளே விட்டிருக்கக் கூடாது.

"இது லேத் பாக்குற கை, அக்கா," என்றார் ரெமிஜியஸ், ரத்தினம்மாளிடம். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதத்தான் பாத்துக்கினு நின்னேன் நான்."

ரத்தினம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். மண்ணும் இல்லை பொன்னும் இல்லை, இரும்பா என்று கேட்டாள். கேட்ட கையோடு, வாங்கியாச்சு என்று காதில் சொல்லிவிடு, மனசு ஆறிப் போகட்டும் என்றாள். ரெமிஜியஸ் குனிந்தார்.

"டேய் சாமி. லேத் வாங்கியாச்சுடா."

கை நின்றது. வீட்டில் எல்லோரும் நின்றார்கள். வெங்கடசாமியின் உதடு பிரிந்து ஒட்டிப் பிரிந்தது.

"எது?"

இதை ரெமிஜியஸ் எதிர்பார்க்கவில்லை. மமதாவைப் பார்த்தார், சரசுவைப் பார்த்தார். "அதான்டா… பச்சை பெயிண்ட் அடிச்சது."

வெங்கடசாமியின் பதில் மூச்சோடு மூச்சாக வந்தது. "கடைசில இறுகும்."

கை மறுபடியும் திருப்ப ஆரம்பித்துவிட்டது.

ரெமிஜியஸ் அசட்டுச் சிரிப்போடு நிமிர்ந்தார். கத்தி நகர்கிற தண்டவாளம், அது அதிகம் நின்று வேலை செய்கிற இடத்தில்தான் தேயும், தேய்ந்த இடத்தில் முடுக்கி வைத்தால் தேயாத கடைசிப் பக்கம் போகும்போது இறுகி நின்றுவிடும், அந்தப் பச்சை லேத்துக்கு அந்தக் கோளாறு என்று விளக்கினார். அழுதுகொண்டிருந்த மமதா பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தினம்மாள் சிரிக்கவில்லை. "ஒன் பேச்ச அவன் நம்பமாட்டான். சரசு போவட்டும். நெஜமாவே ஒண்ணப் பாத்து முடிச்சுட்டு வந்து சொல்லட்டும்."

சரசு மடித்த துணிகளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். "நான் இங்க இருக்கணும் அண்ணி."

"இருந்து இன்னா பண்ற? துணி மடிக்கிற." ரத்தினம்மாள் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "பெரட்டும்போது அவன் கத்தறது ஒனக்குக் கேக்கலியாடி?"

சரசு துணிகளைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

ஆட்டோ ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க்கைத் தாண்டும்வரை ரெமிஜியஸ் பேசிக்கொண்டே வந்தார். அவள் காது கொடுக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது இறங்கித் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. வண்டி நகர்ந்தால், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறான் என்று இருந்தது. இந்த நேரத்தில் வீட்டில் என்னவாவது ஆகிவிட்டால்? வீட்டில் இருந்த மருமகனின் செல்போன் நம்பரை ரெமிஜியஸ் ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தார். அதை வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். வியர்வையில் எழுத்து கலைந்தது.

பழைய மெஷின் விற்கிற இலியாஸ் பாயின் யார்டு குஜரிச் சந்தின் கடைசியில் இருந்தது. வெங்கடசாமி படுத்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியும். இவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரியாது. ரெமிஜியஸ் ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டு வந்தபோது பாயின் முகம் மாறியிருந்தது. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். சரசு வேண்டாம் என்றாள்.

"அண்ணன் இங்க ஒக்காந்து டீ குடிச்சுக்கினே என் வியாபாரத்தக் கெடுத்துட்டாரு பாபி," என்று அண்ணி முறை வைத்துச் சொன்னார் பாய். மெஷின் பார்க்க வேறு யார் வந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்து அதன் குறையைச் சொல்லிவிடுவாராம். பாதிப்பேர் அப்படியே எழுந்து போய்விடுவார்களாம். "ஆனா ஒண்ணு. வேணாம்னு சொன்ன மெஷினுக்கும் எண்ணெய் போட்டுட்டுத்தான் போவாரு. துரு புடிக்க வுடமாட்டாரு."

பச்சை லேத் வாசலிலேயே நின்றது. அதைத் தாண்டிப் போனார்கள். உள்ளே மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒன்று இருந்தது. பாய் தார்ப்பாயை இழுத்தார். பெயிண்ட் உரிந்து, கால்களில் சேறு காய்ந்து, பார்க்க ஒன்றுக்கும் உதவாத மாதிரி இருந்தது. ஆனால் தண்டவாளத்தின் மேல், கத்தி நின்று வேலை செய்கிற அந்த இடத்தில் மட்டும் எண்ணெயில் நனைத்த துணியை யாரோ சுற்றி வைத்திருந்தார்கள்.

நீலக் கட்டம் போட்ட துணி. அவள் வேலைக்குப் போகிற இடத்தில் கழித்துப் போட்ட சட்டைத் துணி. துடைக்க ஆகும் என்று அவள் வாராவாரம் பைநிறையக் கொண்டுவந்து கொடுப்பாள். அவள் ஒட்டிய அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை வெங்கடசாமி தனியாக வந்தாராம். காலையிலிருந்து இதையேதான் பார்த்தாராம். போகும்போது துணியைச் சுற்றிவிட்டுப் போனாராம்.

"வேணாம்னு சொன்னாரா?" என்று சரசு கேட்டாள்.

"வேணாம்னும் சொல்லல பாபி. வேணும்னும் சொல்லல."

அந்த ஞாயிறு அவளுக்கு நினைவிருந்தது. அவர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இன்றைக்கு என்ன குறை என்று இவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். பார்த்தேன், சொல்றேன் என்றார். சொல்லவே இல்லை. இவளும் மறுபடி கேட்கவில்லை. அந்த வாரம்தான் ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு முன்னாலேயே அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

அவள் துணியைப் பிரித்தாள். எண்ணெய் கறுப்பாகக் கையில் ஒட்டியது. உள்ளே இரும்பு வெள்ளி மாதிரி இருந்தது. இரண்டு விரல்களைத் தண்டவாளத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்தாள், சட்டையின் தோள் தையலில் இழுக்கிற மாதிரி. தேய்ந்த இடம் தொடங்குகிற இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும் என்று அவர் சொல்லியிருக்கிறார். தட்டுப்பட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ரெமிஜியஸ் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். சும்மா சுற்றுவது கொஞ்சம்தான் என்றார். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் ஒரு கம்பியை மாட்டித் தூக்கிப் பார்த்தார். ஆடவில்லை.

மோட்டார் வீட்டுக் கரெண்டில் ஓடாதே என்றாள் சரசு. மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம் என்றார் ரெமிஜியஸ். மழைத் தண்ணீர் பட்டிருக்கிறது என்றாள். அது சேறு, கழுவினால் போய்விடும் என்றார் பாய். கைப்பிடி ஒன்றில் குமிழ் இல்லை என்றாள். கால் கோணலாக இருக்கிறது என்றாள். தரைதான் கோணல் என்று பாய் காட்டினார்.

"பாபி, ஒங்களுக்கு அண்ணனே தேவலாம்," என்றார்.

அவள் நிறுத்தவில்லை. விரல்களைக் கடைசிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். டெயில் பக்கம், தண்டவாளம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், நகம் ஒன்றில் மாட்டியது. மறுபடி இழுத்தாள். மறுபடி மாட்டியது. எப்போதோ கனமான இரும்பு ஏதோ விழுந்து வெட்டிய வடு. கிடைத்துவிட்டது. இது போதும். இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதுவும் ஆகாது, இன்னும் பார்க்கணும் என்று அவர் காதில் சொல்லலாம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரும்.

"வேணாமா பாபி?" என்று பாய் கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்க்காமல் தார்ப்பாயை மடித்தார்.

சரசு விரலை வடுவின் மேலிருந்து எடுக்கவில்லை. இந்நேரம் அவரைப் புரட்டுகிற நேரம். மமதாவும் மருமகனும் இரண்டு பக்கமும் பிடித்துப் புரட்டுவார்கள். அந்தச் சத்தம் வரும்.

"எங்களுக்குன்னு எழுதிடுங்க பாய்," என்றாள்.

பாய் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து லேத்தின் தலைப்பெட்டி மேல் வெங்கடசாமியின் பெயரை உருதுவில் எழுதினார். அவள் எண்ணெய்த் துணியை எடுத்து, எப்படி இருந்ததோ அப்படியே சுற்றி வைத்தாள்.

வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கும்போதே காதைத் தீட்டினாள். அழுகைச் சத்தம் இல்லை. உள்ளே ஓடிக் கட்டிலருகே முட்டி போட்டாள். கை திருப்பிக்கொண்டுதான் இருந்தது, காலையைவிட மெதுவாக.

"என்னாங்க. லேத்த முடிச்சுட்டேன்."

கை நின்றது. "எது?"

"மூலைல இருக்கறது. நீங்க துணி சுத்தி வெச்சது."

மூச்சு உள்ளே போனது. வெளியே வர நேரமாயிற்று.

"குறை?"

ரெமிஜியஸ் பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டார், இல்லை என்று சொல் என்பது போல. அவள் அவரிடம் குறையை மறைத்துப் பேசியதில்லை.

"ஒரு வடு இருக்குது. டெயில் பக்கம். நகம் மாட்டுது."

வெங்கடசாமியின் இமைகள் கொஞ்சம் விலகின. எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

"தெரியும்," என்றார். பிறகு, "அது ஒண்ணும் பண்ணாது."

அவருடைய விரல்கள் படுக்கையில் ஊர்ந்து அவள் விரல்களைப் பிடித்தன. அவள் கை கழுவியிருக்கவில்லை. அவர் கட்டை விரல் அவள் விரல் நுனியில் இருந்த எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தது, கெட்டியா தண்ணியா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் தேய்ப்பதும் நின்றது. பிடி மட்டும் இருந்தது.

காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைந்தவள் அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வெயில் கட்டிலின் காலிலிருந்து சுவருக்குப் போனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சந்தில் கத்திக்கொண்டு போனார்கள். மமதா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், அது ஆறிப் படலம் கட்டியது. ஒரு சமயம் அவள் கையில் இருந்த கை கனத்தது. அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. யாரையும் கூப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பொறுத்து ரத்தினம்மாள் வந்து தம்பியின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை குளிப்பாட்ட இடம் தேடினார்கள். சந்து குறுகல், வாசலில் பந்தல் கால் நட்டிருந்தது. பின்பக்கம் கொட்டகைதான் ஆயிற்று. சிமெண்டு மேடை மேல் பெஞ்சைப் போட்டு ஆண்கள் தூக்கிப்போய்க் கிடத்தினார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் புறங்கையால் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துவிட்டு வந்தார்கள். சரசு வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

லேத்தை என்ன செய்வது, இலியாஸ் பாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிடலாமா என்று மருமகன் வந்து கேட்டான். தப்பாக நினைக்க வேண்டாம், அவருக்குச் சொல்லிவிடுவது மரியாதை என்றுதான் கேட்கிறேன் என்றான்.

"காரியம் முடிஞ்சப்புறம் அனுப்பச் சொல்லுங்க," என்றாள் சரசு.

அவன் ரெமிஜியஸைப் பார்த்தான். ரெமிஜியஸ் தரையைப் பார்த்தார்.

தண்ணீர் ஊற்றினார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தவர்களில் ஒருவன், வலது கையில் கறுப்பு போகவே மாட்டேன் என்கிறது என்று சொன்னான். படுத்த படுக்கையாய்க் கிடந்தவன் விரலில் மசி எப்படி வந்தது என்று ரத்தினம்மாள் கேட்டாள். மண்ணெண்ணெய் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். டின் சரசுவின் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இருக்கட்டும் விடு என்று யாரோ சொல்ல, கடைசிக் குடத்தையும் ஊற்றிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள். மேடை மேல் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றது. அதன் மேல் எண்ணெய் மெல்லிசாகப் பரவி, நிறம் நிறமாகச் சுழன்று, கொஞ்ச நேரத்தில் அதுவும் அசையாமல் நின்றது.